தோட்டத்து ஊர்ல ரிகம்பன்ட் ட்ரைக்: வீட்டு வேலை, மழை, புகைமூட்டம் எல்லாத்துக்கும் நடுவுல தினமும் ஓட்டுறது எப்படி

மொதல்ல வண்டி என்னன்னு சொல்லிடுறேன், ஏன்னா இத பாத்ததும் நெறைய பேருக்கு ஆஸ்பத்திரி வண்டின்னு தான் தோணுது. ரிகம்பன்ட் ட்ரைக்குன்னா நல்லா சாஞ்சு உக்காந்து காலை முன்னால நீட்டி மிதிக்கிற மூணு சக்கர சைக்கிள். முன்னால ரெண்டு சக்கரம் பின்னால ஒண்ணு இருந்தா டேட்போல், முன்னால ஒண்ணு பின்னால ரெண்டுன்னா டெல்டா. எங்க வீட்டுல இருக்கறது டேட்போல், செகண்ட்ஹேண்டு. நான் வீட்டுலயே தையல் வேலை பாக்கறவ, நாள் முழுக்க மெஷின் முன்னால குனிஞ்சு இடுப்பும் கழுத்தும் போயிடுச்சு, சாதா சைக்கிள்ல மறுபடி குனிஞ்சு ஹேண்டில புடிச்சா கை மரத்துப் போகுது, அதனால தான் இதுக்கு வந்தேன். ஊரு மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை, போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும் ஆனா எங்க வீட்டுல யாரு வாயிலயும் அந்தப் பேரு வராது. சுத்தி செம்பனை, பழைய ஈய லொம்போங் குட்டை, மணல் லோரி. 1917ல நாட்டுலயே மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்க ஊருப் பக்கம் தான், அதனால இந்த ரோடெல்லாம் குலை லோரிக்குன்னே போட்டது, சைக்கிளுக்குன்னு யாரும் நெனச்சுப் பாத்ததில்ல.

கிண்டல் பண்றவங்களுக்கு சொல்ல ஒரு கதை வச்சுக்கங்க. 1933ல பிரான்சுல ஃபிரான்சிஸ் ஃபோருன்னு ஒரு சைக்கிள்காரரு, சார்ல் மோஷே செஞ்சு குடுத்த சாஞ்சு மிதிக்கிற ரெண்டு சக்கர வண்டில ஒரு மணி நேரத்துல 45 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி பழைய ரெக்கார்ட உடைச்சாரு. மறு வருசமே, 1934ல, சைக்கிளுன்னா இப்படி இப்படித்தான் இருக்கணும்னு உலக சைக்கிள் ரேஸ் சங்கமான யூசிஐ அளவு போட்டு இந்த வகை வண்டிய ரேஸ்லருந்து தூக்கிட்டாங்க. நம்ம மூணு சக்கரம் அந்த வேகமெல்லாம் போகாது, அது வேற விசயம்.

சரி விசயத்துக்கு வரேன். தினமும் ஓட்டுறோமா இல்லையான்னு தீர்மானிக்கறது நான் பாத்த வரைக்கும் ஒண்ணே ஒண்ணு தான், கதவ தொறந்ததுலருந்து ரோட்டுல ஏற எவ்வளவு நேரம் ஆகுதுங்கறது. அஞ்சு நிமிசத்துல ஏற முடிஞ்சா எப்படியும் ஓட்டிடுவீங்க. கால் மணி நேரம் ஆச்சுன்னா அதுக்குள்ள குக்கர் விசில் அடிக்கும், மாமியார் மாத்திரை கேப்பாங்க, ஜாக்கெட் தைக்கக் குடுத்தவங்க வாசல்ல வந்து நிப்பாங்க, மேற்க கருக்கும், அப்பறம் நாளைக்கு பாத்துக்கலாம்னு ஆயிடும். கீழ நான் சொல்றதுல பாதி இந்த அஞ்சு நிமிசத்துக்காகத் தான்.

வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே டேப் எடுத்து கேட், கிரில் கதவு எல்லாம் அளந்துடுங்க. டேட்போல் அகலம் பெரும்பாலும் 75லருந்து 85 சென்டிமீட்டர் வரும். ஒருக்களிச்சு தூக்கி நுழைக்கலாம் தான், ஆனா 15லருந்து 20 கிலோ வண்டிய தினமும் ஒருக்களிச்சு நுழைக்கணும்னா ரெண்டாவது வாரமே வெறுத்துடும். போர்ச்சுல காடிக்கும் (கார் தான்) சுவத்துக்கும் நடுவுல எடம் இருந்தா அதான் நல்லது, ரோட்ட பாத்த மாதிரி நிறுத்தி கிரில்லோட சேத்து பூட்டிடுங்க. எடம் இல்லைன்னா பின் சக்கரத்து மேல செங்குத்தா நிக்க வைக்கலாம், ஆனா சுவத்துல ஒரு கொக்கி அடிச்சு கயித்துல கட்டணும், சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்டுல இத விட்டுடவே கூடாது. மடிக்கிற மாடலும் இருக்கு, அது காடில ஏத்தி வெளியூரு போறவங்களுக்கு சரி, தினமும் மடிச்சு விரிக்கிறது ரொம்ப லெச்சே லா, தொல்லை.

பம்ப், ஸ்பேர் டியூப், டயர் லிவர், ஆலன் கீ, பழைய துவாலா, பிளாஸ்திக் பை, ரெயின்கோட்டு எல்லாம் ஒரு பைல போட்டு சீட்டுக்குப் பின்னாலயே கட்டி வச்சுடுங்க, வீட்டுக்குள்ள எடுத்துட்டு வரவே வேணாம். லைட்டு மட்டும் ராத்திரி ஹேண்ட்போன் சார்ஜ் போடுற எடத்துலயே சார்ஜ் போட்டுடுங்க. ஹெல்மெட் வண்டி மேலயே தொங்கட்டும், ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டிட்டு போடுங்க, தோட்டத்து ஊர்ல அதுக்குள்ள என்ன குடியேறியிருக்கும்னு சொல்ல முடியாது.

அடுத்தது அளவு. சுவத்துல முதுக சாச்சு தரையில காலை நேரா நீட்டி உக்காருங்க, சுவத்துலருந்து குதிகால் வரைக்கும் அளந்துக்கங்க, வண்டி விக்கறவங்க கேக்கற அளவு இதான், எக்ஸ்சீம்னு சொல்வாங்க. முன்னால பெடல் மாட்டியிருக்கற நீட்டுக் குழாய் இருக்கே, பூம், அத முன்ன பின்ன இழுத்து தான் ஆளுக்கு ஏத்த மாதிரி வைக்கணும். பெடல் ரொம்ப தூரத்துல இருக்கறப்போ முட்டி லேசா மடங்கியிருக்கணும், கால் விறைச்சு நீண்டுச்சுன்னா பூம் தூரமா இருக்கு, முட்டி நெஞ்சுக்கு வந்தா கிட்ட இருக்கு. இத சரியா வைக்காம ஓட்டிட்டு முட்டி வலிக்குதுன்னு வண்டிய வித்தவங்க இருக்காங்க.

முட்டிய பத்தி இன்னொண்ணு. இந்த வண்டில எந்திரிச்சு நின்னு மிதிக்க முடியாது, முதுகு சீட்டுல முட்டுக்குடுத்து இருக்கறதால கோவத்துல தள்ளினா மொத்த பாரமும் முட்டில தான் ஏறும். அதனால எப்பவும் லேசான கியர், வேகமான சுத்து. நிமிசத்துக்கு 80 சுத்து பக்கத்துல வந்தா நல்லது. நிறுத்தறதுக்கு முன்னாடியே கியர எறக்கிடுங்க, நின்ன பெறகு எறக்க முடியாது, சிக்னல்ல பச்சை விழுந்ததும் பின்னால லோரி ஹார்ன் அடிக்க நீங்க பல்ல கடிச்சு மிதிச்சுக்கிட்டு இருப்பீங்க. மேடு வந்தா நடக்கிற வேகத்துக்கு எறங்கினாலும் பரவால்ல, மூணு சக்கரம், விழாது.

கால். இத கொஞ்சம் நிதானமா படிங்க. ஓடிக்கிட்டு இருக்கறப்போ பாதம் பெடல்லருந்து நழுவி கீழ தரையில பட்டுச்சுன்னா வண்டி முன்னால போயிக்கிட்டே இருக்கும், கால் அடியில போய் மாட்டிக்கும், கணுக்காலு, முட்டி எலும்பு எல்லாம் உடையற அளவுக்கு அடி விழும். டேட்போல்ல இது தான் பெரிய ஆபத்து. அதனால ஸ்லிப்பர் போட்டு ஓட்டவே கூடாது, முக்கு கடைக்கு தானேன்னு கூட கூடாது. குதிகால தாங்குற கப்பு வச்ச பெடலோ ஸ்ட்ராப்போ கிளிப் ஷூவோ ஏதாவது ஒண்ணு போட்டாகணும். நான் ஸ்ட்ராப் வச்ச பெடல் தான் சொல்வேன், கோயில் வாசல்ல, கடை வாசல்ல கழட்டி மாட்டறதுக்கு சாதா ஷூ தான் சௌகரியம்.

பொம்பளைங்களுக்கு ஒண்ணு, துப்பட்டா, புடவை முந்தானை, நீட்டு ரிப்பன் வச்ச டாப்ஸ் எதுவும் வேணாம். ரெண்டு முன் சக்கரமும் உங்க தொடைக்கு பக்கத்துல தான் சுத்துது, காத்துல பறந்தா நேரா ஸ்போக்ஸ்ல தான் போகும். நீட்டு கை பனியனும் சிலுவாரும் போதும். சிலுவார்ல வலது கால் அடிய ரப்பர் பேண்டு போட்டு கட்டிக்கங்க.

பிரேக் பெரும்பாலான டேட்போல்ல இடது கை லிவர் இடது முன் சக்கரத்துக்கும் வலது லிவர் வலது சக்கரத்துக்கும் தான், ஒரு பக்கம் மட்டும் அமுக்கினா வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், காலி பாடாங் திடல்ல போய் ரெண்டையும் ஒண்ணா அமுக்கிப் பழகுங்க. வளைவுல வேகத்த மொதல்லயே கொறைச்சுட்டு உடம்ப வளைவோட உள்பக்கம் சாச்சுடுங்க, இல்லைன்னா உள்பக்க சக்கரம் தரையவிட்டு எந்திரிக்கும். எறங்கறதுக்கு முன்னாடி பார்க்கிங் பிரேக் போடுங்க. இதுக்கு ஸ்டாண்டு கெடையாது, லேசான சரிவு போதும் தானா உருண்டு ரோட்டோர மான்சூன் சாக்கடைல போய் எறங்கிடும்.

இப்ப நேரம். இங்க தான் குடும்பஸ்தங்க எல்லாரும் கோட்டை விடுறது. காலையில எந்திரிச்சு ஓட்டலாம்னு யாரும் சொல்லலாம், ஆனா 1982 ஜனவரி 1ல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சதுலருந்து நம்ம பக்கம் பொழுது விடியறதே ஏழு மணிக்கு மேல தான், வருச ஆரம்பத்துல ஏழேகால் ஏழரை ஆயிடும். அந்த நேரத்துல தான் ஸ்கூல் வேன் வரும், சோறு கட்டணும், மில்லுல ராத்திரி ஷிப்டு முடிச்ச வீட்டுக்காரர் வந்து நிப்பாரு, அதே இருட்டுல லோரியும் மோட்டரும் பறக்கும். அந்த நேரத்த விட்டுடுங்க. புள்ளைங்க வேன்ல ஏறின கையோட, பாத்திரம் கழுவாம, துணி ஊறட்டும்னு போட்டுட்டு கெளம்பிடுங்க. எட்டுலருந்து ஒன்பதுக்குள்ள வெயில் இன்னும் ஏறியிருக்காது, லோரி மொத நடை போயிருக்கும். பாத்திரம் எங்கயும் ஓடிடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இன்னொரு சந்தர்ப்பம் கெடைக்கும், ஆனா அத நம்பாதீங்க, மழை, டியூசன், கோயில் எல்லாம் அந்த நேரத்துக்கு தான் வரும். ஏழரைக்கு இருட்டிடும்.

இன்னொரு வழி, சவாரின்னு தனியா ஒண்ணு வைக்காம வீட்டு வேலையோட சேத்துடறது. நான் தைச்ச ஜாக்கெட்ட குடுக்கப் போறது, மாமியாரு ரத்த அழுத்த மாத்திரைய கிளினிக்ல வாங்குறது, மாவு, தேங்கா, மீனு எல்லாம் ட்ரைக்குல தான். பின்னால கேரியர் போட்டு ரெண்டு பக்கமும் பை மாட்டினா 10 கிலோ அரிசி மூட்டை தாராளமா வரும், பாரம் தாழ்வா இருக்கறதால வண்டி ஆடாது, ஆனா ரெண்டு பக்கமும் சமமா பிரிச்சு வைங்க, தைச்ச துணிய ரெண்டு பிளாஸ்திக் பைல போட்டு மேல வைங்க. வீட்டுல யாரும் "எங்க ஊர் சுத்த கெளம்பிட்ட"ன்னு கேக்க மாட்டாங்க, ஏன்னா நீங்க மீனு வாங்கப் போறீங்க. நேரா போனா ரெண்டு கிலோமீட்டர், குட்டைய சுத்திப் போனா எட்டு கிலோமீட்டர், அத யாரு பாக்கறா.

புள்ளைங்கள மடியில உக்கார வச்சு ஓட்டக் கூடாது, சின்னக் கை நேரா ஸ்போக்ஸ்க்கு போகும். அவங்கவங்க சைக்கிள்ல முன்னால போகட்டும், நீங்க பின்னால வாங்க, பெரிய ரோட்டுல வேணாம், தாமான் வீட்டு வரிசைக்குள்ளயும் தோட்டத்து உள் ரோட்லயும் மட்டும். பின்னால ட்ரெய்லர் மாட்டி புள்ளைய உக்கார வைக்கிறத வெளிநாட்டு வீடியோல பாப்பீங்க, மணல் லோரி ஓடுற ஊர்ல எனக்கு மனசு வரல.

மழைக்கு வரேன். மேற்குக் கரையில நமக்கு ஏப்ரல், மே, அப்பறம் அக்டோபர், நவம்பர், இந்த மாசங்கள்ல மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும், காலை பெரும்பாலும் காஞ்சு இருக்கும், அதனால காலையில முடிச்சுடுங்க. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவக்காத்து, மழை கொறைவு, ஆனா அப்பப்போ சுமத்ரா பக்கமிருந்து கடல் தாண்டி ஒரு புயல் வரிசை வரும், அது விடிகாலையில தான் வரும், மத்தியான மழையையே பாத்துப் பழகினவங்கள ஏமாத்திடும். அந்த மாசங்கள்ல கெளம்பறதுக்கு முன்னாடி மேற்குப் பக்கம் ஒரு பார்வை. ஜனவரி, பிப்ரவரி எங்க பக்கம் நல்லா காயும், ஓட்டறதுக்கு சொகமான மாசம், வெயில் மட்டும் தான். வானிலை இலாகா மெட்மலேசியாவோட மைச்சுவாச்சா ஆப்புல எச்சரிக்கை வரும், அதவிட ரேடார் படத்த பாக்கப் பழகுங்க, மேகம் எந்தப் பக்கம் நகருதுன்னு ரெண்டு படத்த பாத்தாலே புரிஞ்சுடும்.

நனையறது ஒண்ணும் பெரிய விசயமில்ல. சாஞ்சு உக்காந்திருக்கறதால மழை நேரா மூஞ்சிலயும் மடியிலயும் விழும், சாதா ரெயின்கோட்டுல ஜிப்பு வழியா உள்ள எறங்கும். அதுக்கு கப்சாய் மோட்டர் ஓட்டறவங்க ஜாக்கெட்ட முன் பின்னா திருப்பி மாட்டிக்கிறாங்கல்ல, அதே வேலைய பண்ணுங்க, முதுகுப் பக்கம் தொறந்து இருந்தாலும் அங்க சீட்டு இருக்கு. தொப்பியோட முன் விளிம்பு ஹெல்மெட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கண்ணாடி போட்டவங்களுக்கு பாதி கஷ்டம் போயிடும். முன் சக்கரத்துக்கு மட்கார்டு இல்லைன்னா வாங்கிப் போட்டுடுங்க, இல்லாட்டி ரோட்டு சேறு நேரா கையிலயும் வாயிலயும். வலை சீட்டு ஈரமா இருக்கும், உக்காரும்போது துவாலா அங்க தான் வேலை செய்யும்.

இடி வேற. ஓட்டிக்கிட்டு இருக்கறப்போ இடி கேட்டா உடனே கட்டடத்துக்குள்ள போயிடணும், இல்லைன்னா யாராவது காடிய நிறுத்தி உள்ள ஏறிக்கணும். செம்பனை மரத்தடியில ஒதுங்காதீங்க, தகரக் கூரை போட்ட பஸ் ஸ்டாப்பும் மழைக்கு தான், மின்னலுக்கு இல்ல. குட்டைய சுத்தி இருக்கற வெட்டவெளி அதவிட மோசம், தாழ்வான வண்டிங்கறதால மின்னல் விட்டுடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிசம் ஆன பெறகு தான் மறுபடி ஏறணும், தே தாரேக் குடிக்க ஒரு சாக்கு.

வெள்ளம் நின்ன ரோட்டுல எறங்காதீங்க. சீட்டு தரையிலருந்து ஒரு ஜாண், ரெண்டு ஜாண் உயரம் தான், முழங்கால் தண்ணின்னா நீங்க உள்ள உக்காந்திருப்பீங்க. அதோட எலி மூத்திரக் காய்ச்சல் இருக்கே, கென்சிங் திக்குஸ், காலுல சின்ன கீறல் இருந்தாலே போதும். சேத்துத் தண்ணி பட்டா வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு கழுவுங்க, அடுத்த ரெண்டு வாரத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலின்னு வந்தா டாக்டர்கிட்ட வெள்ளத் தண்ணில போனத மறக்காம சொல்லுங்க.

புகைமூட்டம் வந்தா நான் கறாரா இருப்பேன். சுற்றுச்சூழல் இலாகா போடுற ஐபியுங்கற காத்து மாசு கணக்க பாருங்க, 50 வரைக்கும் நல்லது, 100 வரைக்கும் சுமார், 101 ஆச்சுன்னா உடம்புக்கு ஆகாதுன்னு அவங்களே சொல்றாங்க. 100 தாண்டினா வண்டி வெளிய வராது. மூச்சு வாங்கி மிதிக்கும்போது சும்மா இருக்கறவங்கள விட பல மடங்கு காத்த உள்ள இழுக்குறோம். 2005 ஆகஸ்டுல ஐபியு 500 தாண்டி எங்க கோல சிலாங்கூர் மாவட்டத்துலயும் போர்ட் கிள்ளான்லயும் அவசரகாலம் போட்டாங்க, அத பாத்தவங்களுக்கு இத விளக்க வேண்டியதில்ல. என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு மிதிக்கிறேன்னு சில பேரு கெளம்புறாங்க, அது கடைக்கு நடந்து போறதுக்கு சரி, மிதிக்கறதுக்கு மூச்சு முட்டும்.

வெயில்ல சாதா சைக்கிள்காரங்களுக்கு பிடரி கருக்கும், நமக்கு தாடைக்குக் கீழ, தொண்டை, கெண்டைக்கால் முன்பக்கம், உள்தொடை. சன்ஸ்கிரீன் அங்க தடவுங்க, மூக்குல மட்டும் தடவிட்டு போகாதீங்க. தண்ணி போத்தல் சீட்டு பக்கவாட்டுல கை எட்டுற மாதிரி மாட்டுங்க. மூணு நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல போனா மெட்மலேசியா மொத கட்ட எச்சரிக்கை விடும், அந்த வாரம் காலை ஒரு சுத்து மட்டும் போதும்.

ரோடு. தாழ்வா இருக்கறதால காடிக்காரங்களுக்கு தெரியாம போயிடுமேன்னு எல்லாரும் பயப்படுவாங்க. ஓடுற ரோட்டுல பின்னால வர்றவங்களுக்கு நல்லாவே தெரியும், இது என்னடா வண்டின்னு வேகத்த கொறைச்சு எட்டிப் பாப்பாங்க, ஹேண்ட்போன்ல படம் கூட எடுப்பாங்க. ஆபத்து எங்கன்னா, வீட்டு வாசல்லருந்து ரிவர்ஸ்ல வர்ற காடி, கடை முன்னால வரிசையா நிக்கிற காடிங்களுக்கு நடுவுலருந்து வெளிய வர்றது, அப்பறம் லோரியோட இடது பக்கம். உங்க தலை காடி ஜன்னல் அடி விளிம்புக்கு தான் வரும், ரிவர்ஸ் எடுக்கறவங்க கண்ணாடில நீங்க இல்லவே இல்ல. ரிவர்ஸ் லைட்டு எரிஞ்சா நின்னுடுங்க. லோரி சிக்னல்ல நின்னா பின்னாலயே தள்ளி நில்லுங்க, இடது பக்கமா நுழைஞ்சு முன்னால போக நெனைக்காதீங்க, மேல உக்காந்திருக்கற டிரைவருக்கு அங்க ஒண்ணும் தெரியாது.

கொடி கட்டாயம், தலைக்கு மேல நல்லா உயரமா நிக்கணும். ஆரஞ்சு, மஞ்சள் நல்லது, பச்சை வேணாம், செம்பனைக்குள்ள பச்சை யாருக்கு தெரியும். எங்க வீட்டுல தையல் மிச்சத் துணில ஜரிகை வச்சு ஒண்ணு தைச்சு போட்டுட்டேன், வெயில்ல மின்னுது, தூரத்துலருந்து பாத்துட்டு கோயில் கொடியான்னு கேட்டவங்களும் உண்டு. பின்னால சிவப்பு லைட்டு பகல்லயும் மினுக்கிக்கிட்டு இருக்கட்டும். கண்ணாடி ரெண்டு பக்கமும் வேணும், சாஞ்சு உக்காந்துக்கிட்டு தலைய திருப்பி பின்னால பாக்கறது சிரமம். லத்தார் ஹைவே கிட்டயே இருந்தாலும் அதுல சைக்கிள் ஏறக்கூடாது, எந்த ஹைவேலயும் கூடாது. தாமான் போங்கோல்ல, வேகத்தடைல தான், நேரா மெதுவா ஏறுங்க, ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் ஏறாம கோணலா போனா வண்டி குலுக்கி எடுத்துடும்.

தோட்டத்து செம்மண் ரோடு லோரி இல்லாம நிம்மதியா இருக்கும், ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுல காவல் ஜாகா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போங்க, அது ஒருத்தரோட எடம். குலை வெட்டுற எடத்துல நிக்காதீங்க, மேலருந்து மட்டையும் குலையும் விழும். மழை பெஞ்ச மறுநாள் செம்மண் வேணாம், மட்கார்டுக்குள்ள அப்பிக்கிட்டு சக்கரமே சுத்தாது.

நாய். நம்ம மூஞ்சி அதோட மூஞ்சிக்கு நேரா இருக்கு, சாதா சைக்கிள்ல காலத்தான் தொரத்தும், இங்க கண்ணுக்கு கண்ணு. வேகமா ஓடித் தப்பிக்க பாக்காதீங்க, ஓடறத தான் அது தொரத்தும். நிறுத்திடுங்க. ட்ரைக்குல இது ஒரு வசதி, காலை கீழ ஊன வேணாம், அப்படியே உக்காந்துக்கிட்டு "போ வீட்டுக்கு"ன்னு அதட்டினா பாதி நாய் கொழம்பிப் போய் நின்னுடும். மீதிக்கு போத்தல் தண்ணி மூஞ்சில. ஒரே வழில ஒரே நேரத்துல போயிக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல அதுங்களே படுத்துக்கிட்டு தலைய தூக்கிப் பாக்கறதோட சரி. கடிச்சுட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிசம் கழுவிட்டு நேரா கிளினிக், மஞ்சத்தூள் வச்சு கட்டறதெல்லாம் வேணாம்.

பராமரிப்புல மூணு விசயம் தான் சாதா சைக்கிள்லருந்து வித்தியாசம். மொதல்ல டயர். முன் சக்கரம் 20 இன்ச்சுன்னு சொன்னாலும் அதுல ரெண்டு அளவு இருக்கு, 406, 451. டயர் பக்கவாட்டுல 40-406 மாதிரி எழுதியிருக்கும். 406ன்னா பிஎம்எக்ஸ் அளவு, ஊர் சைக்கிள் கடை தவுக்கே கிட்டயே டியூப் கெடைக்கும், 451ன்னா தேடி அலையணும், வாங்கும்போதே 406 தான்னு பாத்து வாங்குங்க. செம்பனை மட்டை முள்ளு, லோரி டயர் கம்பி ரெண்டும் நம்ம எதிரி, ஸ்வால்பே மாரத்தான் மாதிரி பஞ்சர் தடுப்பு பட்டை வச்ச டயர் போட்டுட்டா காசுக்கு பழுதில்ல. டேட்போல்ல முன் சக்கரத்து அச்சு ஒரு பக்கம் மட்டும் தான் புடிச்சிருக்கும், அதனால சக்கரத்த கழட்டாமயே டியூப் மாத்தலாம், வண்டிய ஒருக்களிச்சு வச்சாப் போதும். முன் டயர் ரெண்டும் சீக்கிரமா தேஞ்சுச்சுன்னா காத்து கொறைவுன்னு மட்டும் நெனைக்காதீங்க, ரெண்டு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்லாம இருக்கலாம், முன் விளிம்புக்கு நடுவுல எவ்வளவு, பின் விளிம்புக்கு நடுவுல எவ்வளவுன்னு அளந்து பாருங்க, கம்பெனி சொன்ன அளவவிட அதிகமா வித்தியாசம் இருந்தா ஸ்டேரிங் ராடு திருப்பி சரி பண்ணணும்.

ரெண்டாவது செயின். இதுல சாதா செயின் ரெண்டரை, மூணு சேத்த நீளம் ஓடுது, பிளாஸ்திக் குழாய்க்குள்ளயும் ஐட்லர்னு ஒரு சின்ன பல்லுச்சக்கரத்து மேலயும் போகுது. மழைல நனைஞ்சா வந்த ஒடனே துணில தொடைச்சுட்டு ரெண்டு சொட்டு எண்ணெ, அப்பறம் தான் குளிக்கப் போகணும், குளிச்ச பெறகு யாரும் அதத் தொட மாட்டோம். செம்மண் தூசி இருக்கற மாசத்துல எண்ணெய மிஞ்சி ஊத்துனா மாவா அப்பிக்கும். தையல் மெஷின் எண்ணெ ரொம்ப லேசு, மழைக்கு நிக்காது, சைக்கிளுக்குன்னு விக்கறத வாங்குங்க. கார் வாஷ் கடையில குடுத்து பிரஷர்ல அடிக்காதீங்க, பேரிங் கிரீசெல்லாம் போயிடும், பக்கெட் தண்ணியும் பழைய பனியனும் போதும்.

மூணாவது பிரேக். டிஸ்க்கு நல்லா நிறுத்தும், ஆனா சேறு பட்டா கத்தும். ஸ்டர்மி ஆர்ச்சர் டிரம் பிரேக் வச்ச வண்டி கெடைச்சா நம்ம ஊருக்கு அது தான் என் ஓட்டு, மூடியிருக்கறதால மழையும் சேறும் உள்ள போகாது, வருசக் கணக்குல கேபிள இழுத்து விடுறதோட சரி. மில்லு பக்கத்துல ரோட்டுல எண்ணெ சிந்தியிருக்கும், ஈரமா இருந்தா அங்க எந்த பிரேக்கும் ஒண்ணு தான், மெதுவா போங்க.

தீபாவளி மாசம் மட்டும் தனி. எனக்கு தையல் குவியும், மழையும் அப்ப தான் கொட்டும், அந்த மாசத்துல நீளமான சவாரி எதுவும் திட்டம் போடறதில்ல, ஜாக்கெட் குடுக்கப் போற நடை மட்டும். அத சவாரியா கணக்குல சேத்துக்கங்க, தாமான சுத்தி பத்து நிமிசம் போனாலும் கால் மறக்காது.

வீட்டுல ரெண்டு பேரு ஒரே வண்டிய ஓட்டறதா இருந்தா பூம் நீளத்த மாத்துறப்போ செயின் நீளமும் மாறும், இதத்தான் விக்கறவங்க சொல்ல மாட்டாங்க. பூம 10 சென்டிமீட்டர் வெளிய இழுத்தா செயின் மேலயும் கீழயும் சேத்து 20 சென்டிமீட்டர் கூட வேணும், கிட்டத்தட்ட பதினாறு லிங்க். அந்த பதினாறு லிங்க் துண்ட ரெண்டு குயிக் லிங்கோட சேத்து ஆணில மாட்டி வச்சுடுங்க, பூம் மேல ஆளாளுக்கு ஒரு கலர் டேப் ஒட்டிடுங்க, எனக்கு சிவப்பு, வீட்டுக்காரருக்கு நீலம். மாத்தற வேலைய ஞாயித்துக்கிழமை ஓட்டினவங்களே ஞாயித்துக்கிழமை ராத்திரி பண்ணிடணும், செயின் சரியா உக்காந்துச்சான்னு ஒரு சுத்து மிதிச்சும் பாத்துடணும், திங்கக்கிழமை வேன் போன பெறகு ஆலன் கீ தேடிக்கிட்டு நின்னா அன்னிக்கு ஓட்டின மாதிரி தான்.